தரங்கம்பாடி மறைப்பணியாளர்களும் தனித்துணையும்: வழிகாட்டல், ஆற்றுப்படுத்தல், மேற்பார்வை

ஆய்வுச் சுருக்கம்

அயல்நாட்டில் பணிபுரியும் கிறித்தவ மறைப்பணியாளர்களுக்குத் தனிப்பட்ட வழிகாட்டலும் மனநலத் துணையும் தேவை என்னும் கருத்து, கடந்த சில பத்தாண்டுகளில் தனித்துறையாக வளர்ந்துள்ளது. ஆயினும் அத்தேவை புதியதன்று. 1706இல் தொடங்கிய தரங்கம்பாடி லுத்தரன் மிஷனின் வரலாறு, துணை கிடைத்தமையால் நிலைத்த பணிகளையும் துணை தவறியமையால் நேர்ந்த இழப்புகளையும் ஒருசேரக் காட்டுகிறது. சீகன்பால்கு, கிரண்ட்லர், பப்ரீசியஸ், சுவார்ட்சு ஆகியோரின் வாழ்வை முன்வைத்து, துணை என்பது எப்பொழுது துணையாக நிற்கிறது, எப்பொழுது மேற்பார்வையாக மாறிவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: தரங்கம்பாடி, ஹாலே, சீகன்பால்கு, சுவார்ட்சு, மறைப்பணியாளர் பேணுகை, தனிவழிகாட்டல்.

1. முன்னுரை

தரங்கம்பாடி மிஷனைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் அச்சுக்கலை, விவிலிய மொழிபெயர்ப்பு, அகராதி, இலக்கணம், கல்வி ஆகிய துறைகளில் அது ஆற்றிய பணியையே மதிப்பிட்டுள்ளன. நூல்கள் எஞ்சி நிற்பதால் நூல்களைப் பற்றிய ஆய்வு பெருகியது இயல்பே. ஆனால் அந்நூல்களை உருவாக்கிய மனிதர்கள் எந்நிலையில் வாழ்ந்தனர், யாரிடம் தம் இடர்களைச் சொன்னார்கள், அவர்களை யார் தாங்கினர் என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

இவ்வினாக்கள் வெறும் வாழ்க்கை வரலாற்று ஆர்வத்தால் எழுவன அல்ல. சீகன்பால்கு 36 வயதில் இறந்தார். அவர் மேற்கொண்டிருந்த பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்து நூலோடு நின்றது. ஒரு பணியாளரின் தளர்ச்சி ஒரு மொழியின் நூல் வரலாற்றையும் பாதிக்கும் என்பதற்கு இதுவே சான்று. ஆகவே பணியாளருக்குக் கிடைத்த துணையை ஆராய்வது, அப்பணியின் வரலாற்றை ஆராய்வதன் ஒரு பகுதியே ஆகும்.

2. கருத்து விளக்கம்

மறைப்பணியாளரைப் பேணுதல் பற்றிய இக்கால எழுத்துகளில் மூன்று செயல்கள் பிரித்துப் பேசப்படுகின்றன. முதலாவது வழிகாட்டல். பணியில் முன் சென்றவர் பின் வருபவருக்கு மொழி, வழக்கம், முடிவெடுக்கும் முறை ஆகியவற்றில் உடனிருந்து உதவுவது இது. இரண்டாவது ஆற்றுப்படுத்தல். தனிமை, நோய், இழப்பு, மனச்சோர்வு ஆகியவற்றின்போது ஒருவரின் சொல்லைக் கேட்டு அவரைத் தேற்றுவது இது. மூன்றாவது மேற்பார்வை. அனுப்பியோரின் பணமும் நோக்கமும் முறையாகப் பயன்படுகின்றனவா என்று கண்காணிப்பது இது.

மூன்றும் வேண்டியவையே. சிக்கல், மூன்றையும் ஒருவரே அல்லது ஓரமைப்பே செய்ய முற்படும்போது தோன்றுகிறது. தம் ஊதியத்தையும் பணித் தொடர்ச்சியையும் முடிவு செய்பவரிடம் ஒருவர் தம் தளர்ச்சியை மனம்விட்டுச் சொல்வது அரிது. பணியை இடையில் விட்டு நீங்குவோர் பற்றிப் பதினான்கு நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 1997இல் வில்லியம் டெய்லர் பதிப்பித்த நூலாக வெளிவந்தபின், இச்சிக்கல் மறைப்பணி அமைப்புகளிடையே பரவலாகப் பேசப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தரங்கம்பாடியில் இதே சிக்கலை அதற்கான கலைச்சொற்கள் தோன்றுவதற்கு முன்பே காண முடிகிறது.

3. ஹாலேயிலிருந்து வந்த துணை

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் 1705 நவம்பர் இறுதியில் கப்பலேறி, 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தனர். பயணத்திற்கு ஏழு மாதங்களுக்கு மேல் ஆயின. கப்பல்கள் பருவக்காற்றைச் சார்ந்து சென்றமையால், தரங்கம்பாடியிலிருந்து எழுதிய ஒரு கடிதத்திற்கு விடை வந்து சேர ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இக்கால இடைவெளியை நினைவிற்கொள்ளாமல் அக்காலத் துணையமைப்பை மதிப்பிட இயலாது. இன்று கேட்ட அறிவுரை, கேட்டவர் வேறொரு நிலைக்குச் சென்றபின்பே வந்து சேரும்.

இவர்களுக்கு ஆன்மிக நெறியாளராக விளங்கியவர் ஹாலே நகரத்து ஆகஸ்டு ஹெர்மன் பிராங்கே. அவருடைய அநாதை இல்லமும் பள்ளிகளும் பணியாளர்களை உருவாக்கும் களமாயின. 1709இல் தரங்கம்பாடிக்கு வந்த யோவான் எர்னஸ்ட் கிரண்ட்லர் ஹாலேயில் ஆசிரியராக இருந்தவர். அச்சுப்பொறி, தமிழ் எழுத்துகள், மருந்து, நூல்கள், பணம் எனப் பலவகை உதவிகள் ஹாலே, கோபன்ஹேகன், இலண்டன் ஆகிய இடங்களிலிருந்து வந்தன. இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் 1710 முதல் இப்பணிக்கு உதவத் தொடங்கியது.

பிராங்கேயின் துணையில் ஒரு முரண்பாடும் இருந்தது. பணியாளர்கள் அனுப்பிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் ஹாலேயில் அச்சாகி, நன்கொடையாளரிடையே பரவின. இன்று 'ஹாலே அறிக்கைகள்' என வழங்கும் இத்தொகுதிகள் தமிழகச் சமூக வரலாற்றுக்கு அரிய மூலங்கள். ஆனால் அவை அச்சேறுமுன் திருத்தப்பட்டன. படிப்போர் மனத்தைத் தளர்த்தக்கூடிய செய்திகளும் பணியாளரிடையே நிலவிய பூசல்களும் பெரும்பாலும் நீக்கப்பட்டன. பணியாளர் தம் மனத்தைத் திறந்து எழுத வேண்டிய வழியே நிதி திரட்டும் வழியாகவும் அமைந்தது. எழுதுபவர் தம் சொல் ஐரோப்பாவெங்கும் படிக்கப்படும் என்பதை அறிந்தே எழுதினார். இத்தகைய சூழலில் கடிதம் ஆற்றுப்படுத்தும் கருவியாக முழுமையாகப் பயன்பட்டிருக்க இயலாது. அச்சேறாத கடிதங்கள் ஹாலே ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அச்சான பகுதியோடு அவற்றை ஒப்பிடும்போதுதான் பணியாளரின் உண்மை நிலை புலனாகிறது.

4. களத்தில் கிடைத்த துணை

தொலைவிலிருந்து வந்த துணை காலந்தாழ்ந்து வந்தபோது, அருகிலிருந்து கிடைத்த துணையே சீகன்பால்கைப் பணியில் நிலைநிறுத்தியது. அத்துணையைத் தந்தவர்களில் முதன்மையானோர் தமிழர்கள்.

வந்த சில மாதங்களுக்குள் எழுபது வயது மதிக்கத்தக்க தமிழாசிரியர் ஒருவர், தம் பள்ளியை மாணவரோடு சீகன்பால்கின் இல்லத்திற்கே கொண்டுவந்து நடத்தினார். சீகன்பால்கு சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். போர்ச்சுகீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் துபாசியாக இருந்து பேச்சுத் தமிழையும் நாட்டு வழக்கங்களையும் விளக்கினார். இன்றைய கலைச்சொல்லால் கூறுவதாயின், மறைப்பணியாளருக்குக் களத்தில் வாய்த்த முதல் தனிப் பயிற்றுநர்கள் இவர்களே. இவர்கள் கற்பித்தது மொழி மட்டுமன்று. யாரை எவ்வாறு அழைப்பது, எதை எங்கே பேசலாகாது, ஒரு நூலை எவ்வாறு படிப்பது என்பனவும் அக்கல்வியில் அடங்கும்.

இத்துணைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. தரங்கம்பாடியின் டேனிய ஆளுநர் ஹாசியஸ் மிஷனை வெறுத்தார். அழகப்பன் ஊரை விட்டே வெளியேற்றப்பட்டார். சீகன்பால்கும் 1708 நவம்பர் முதல் 1709 மார்ச்சு வரை நான்கு மாதங்கள் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். அவருக்காக ஐரோப்பாவில் பரிந்து பேசுவோர் இருந்தனர். அழகப்பனுக்காகப் பேச எந்த அமைப்பும் இல்லை. பணியாளருக்குத் துணைநின்றோருக்கு யார் துணை என்னும் இவ்வினா, மறைப்பணியாளர் பேணுகை பற்றிய ஆய்வுகளில் இன்றும் விளிம்பிலேயே நிற்கிறது.

உடன் பணியாற்றும் ஐரோப்பியர் அனைவரும் துணையாக அமைந்தனர் என்றும் கூறுவதற்கில்லை. கிரண்ட்லரோடு 1709இல் வந்த போவிங் என்பவர் சீகன்பால்கோடு கடுமையாக முரண்பட்டு 1711இல் நாடு திரும்பினார். அதே ஆண்டில் புளுட்சோவும் ஐரோப்பா சென்றார். எஞ்சிய சீகன்பால்கும் கிரண்ட்லரும் ஒருவருக்கொருவர் உற்ற துணையாயினர். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது கிரண்ட்லரிடமே முழுப் பொறுப்பையும் ஒப்படைத்தார்.

அப்பயணம் இக்கட்டுரையின் பொருளுக்கு இன்றியமையாத செய்தியைத் தருகிறது. ஆண்டுக்கணக்கில் கடிதங்களால் தீராத ஆளுநர் சிக்கல், நேரிற் சந்தித்தபோது தீர்ந்தது. சீகன்பால்கு 1715இல் ஸ்ட்ரால்சுண்டு முற்றுகைப் பாசறையில் மன்னரைக் கண்டு முறையிட்டார். ஹாசியஸ் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். ஹாலேயில் பிராங்கேயைச் சந்தித்ததும், மரியா தொரொத்தேயா சால்ட்சுமனை மணந்ததும் இப்பயணத்தின்போதே. உடன் சென்ற தமிழர் மலையப்பன் கடற்பயணத்திலும் மொழித்துணையாக இருந்தார். தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் விளக்கும் சீகன்பால்கின் நூல் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. களத்திலிருந்து சிறிது காலம் விலகி, அனுப்பியோரை நேரிற் கண்டு மீளும் ஓய்வுப் பயணம் ஒரு பணியாளருக்கு எத்துணைப் பயன் தரும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றாகும்.

5. துணை மேற்பார்வையாக மாறியபோது

1714இல் கோபன்ஹேகனில் மிஷன் ஆட்சிக்குழு ஒன்றை மன்னர் நிறுவினார். தனிமனிதர்களின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருந்த பணிக்கு நிலையான அமைப்பு கிடைத்தது. ஆனால் அக்குழுவின் செயலராக விளங்கிய கிறிஸ்டியன் வெண்ட், மறைப்பணி பற்றி உறுதியான கோட்பாடு ஒன்றைக் கொண்டிருந்தார். திருத்தூதர்களைப் போல் பணியாளர் பொருளின்றி, ஊர் ஊராகச் சென்று போதிக்க வேண்டும். கட்டடங்கள், பள்ளிகள், சொத்துகள் ஆகியவற்றில் ஈடுபடலாகாது என்பது அவர் நிலைப்பாடு.

களநிலைமை வேறு. பள்ளியின்றிப் படிக்கும் மக்கள் உருவாகார். அச்சகமின்றி நூல் உருவாகாது. தஞ்சை அரசின் எல்லைக்குள் அயல்நாட்டார் விரும்பியவாறு சென்று வருவதும் எளிதன்று. 1717இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1718 அக்டோபரில் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் பணியாளர்களுக்கு நிறைவான சாதனை. வெண்டின் பார்வையிலோ அதுவே பிழை. பாராட்டு வரும் என்று காத்திருந்த நிலையில் கண்டனக் கடிதங்கள் வந்தன. பணியாளர் விளக்கம் எழுதினால் அதற்கு விடை வர ஓராண்டுக்கு மேலாகும். அதுவரை கண்டனமே இறுதிச் சொல்லாக நின்றது.

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். அவருடைய உடல்நலம் முன்னரே குன்றியிருந்தது. கடிதங்களே அவரைக் கொன்றன என்று கூறுவது மிகையாகும். ஆயினும் நோயுற்ற நிலையில் அவருக்குத் தேவைப்பட்டது தேறுதல், வந்தது விசாரணை. பதின்மூன்று மாதங்களுக்குப் பின், 1720 மார்ச்சு 19 அன்று கிரண்ட்லரும் மறைந்தார்.

இவ்விரு மரணங்களின் விளைவை ஆட்கணக்கில் காணலாம். பெஞ்சமின் சுல்ட்சே உள்ளிட்ட மூன்று புதிய பணியாளர்கள் 1719 செப்டம்பரில் வந்திருந்தனர். மூத்தவர்களிடம் பயிலும் வாய்ப்பு அவர்களுக்கு ஆறு மாதங்களே கிடைத்தது. அம்மூவருள் கிஸ்டன்மாக்கர் 1722இல் இறந்தார். பதினான்கு ஆண்டுகள் சேர்ந்த களப்பட்டறிவு, கைமாறுவதற்குப் போதிய காலமின்றிப் போயிற்று.

வெண்டைத் தீயவராகக் காட்டுவது இங்கு நோக்கமன்று. குடியேற்ற அரசையும் பொருளையும் சார்ந்த மறைப்பணி தன் நோக்கத்தை இழக்கும் என்னும் அவரது அச்சம் பிற்கால வரலாற்றால் ஓரளவு மெய்ப்பிக்கப்பட்டதே. அவருடைய குறை கோட்பாட்டில் இல்லை. களத்தைக் காணாமலே கட்டளையிட்டதிலும், தேற்ற வேண்டிய காலத்தில் தீர்ப்பு வழங்கியதிலும் அக்குறை இருந்தது.

6. மேற்பார்வை இல்லாதபோது

வெண்டின் எடுத்துக்காட்டைக் கொண்டு மேற்பார்வையே வேண்டாம் என்று முடிவு செய்தல் தவறாகும். அதற்கு மறுபக்கச் சான்றாக அமைவது யோவான் பிலிப்பு பப்ரீசியஸின் வாழ்வு.

1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய பப்ரீசியஸ், தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளருள் தலைசிறந்தவராகப் போற்றப்படுகிறார். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. மொழிபெயர்ப்பிலும் ஞானப்பாட்டிலும் தேர்ந்த அவரிடம் மிஷன் நிதியையும் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தையும் கையாளும் பொறுப்பும் சேர்ந்தது. அப்பணத்தைக் கடனாகக் கொடுத்து இழந்த அவர், முதுமையில் கடனுக்காகச் சிறைப்பட்டார். 1788இல் கெரிக்கே என்பவர் பொறுப்பேற்றார். 1791இல் பப்ரீசியஸ் இறந்தார்.

இவருடைய நேர்மையை ஐயுறுவதற்கு இடமில்லை. ஆனால் இவருடைய இயல்புக்கும் திறனுக்கும் பொருந்தாத பொறுப்பு இவர்மேல் ஏற்றப்பட்டதையும், நிலை முற்றுமுன் கணக்கைக் கேட்டு எச்சரிப்பார் இல்லாமற்போனதையும் மறுக்க இயலாது. தக்க நேரத்தில் கேட்கப்படும் கேள்வியும் ஒருவகைத் துணையே. சீகன்பால்குக்கு அது தீர்ப்பாக வந்தது. பப்ரீசியஸுக்கு அது வரவே இல்லை.

7. களத்திலேயே அமைந்த வழிகாட்டி

இவ்விரு நிலைகளுக்கும் இடையே, துணை சரியாக அமைந்த ஒரு தொடர்ச்சியைக் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்சின் வாழ்வில் காணலாம். தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணியாற்றி 1743இல் ஐரோப்பா திரும்பிய சுல்ட்சே, ஹாலேயில் தமிழ் நூல் பதிப்புப் பணியை மேற்கொண்டார். அதற்கு உதவும் பொருட்டு இளைஞரான சுவார்ட்சு அங்கேயே தமிழ் பயின்றார். 1719இல் மூத்தோரிடம் ஆறு மாதங்களே பயின்ற சுல்ட்சே, இப்பொழுது தாமே மூத்தவராக நின்று அடுத்தவரை உருவாக்கினார். 1750இல் தரங்கம்பாடியை அடைந்த சுவார்ட்சு, நான்கு மாதங்களுக்குள் தமிழில் அருளுரை ஆற்றினார். முன்பயிற்சியின் பயன் இது.

தஞ்சையில் நிலைத்தபின் சுவார்ட்சு தம் இல்லத்தையே பயிற்சிக்களமாக்கினார். உடன்பணியாளரான யோவான் பல்தாசர் கோலாப்பின் மகன் ஜான் காஸ்பர் கோலாப்பைச் சிறுவயது முதல் தம்மோடு வைத்து வளர்த்தார். அவர் 1787இல் குருப்பட்டம் பெற்று, 1844இல் இறக்கும்வரை தஞ்சைப் பகுதியில் பணியாற்றினார். தமிழரான சத்தியநாதன் சுவார்ட்சின் பயிற்சியில் உபதேசியாராக வளர்ந்து, 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றுத் திருநெல்வேலிப் பகுதியில் தொண்டாற்றினார். சீகன்பால்கின் காலத்தில் தமிழர் ஐரோப்பியருக்குப் பயிற்றுநராயினர். அடுத்த தலைமுறைகளில் ஐரோப்பியரிடம் பயின்ற தமிழர் தாமே பொறுப்பாளராயினர். 1733இல் ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அருட்பொழிவு பெற்றதன் தொடர்ச்சி இது.

சுவார்ட்சின் முறையில் மூன்று கூறுகள் தெளிவாகின்றன. வழிகாட்டுபவரும் வழிகாட்டப்படுபவரும் ஒரே களத்தில், பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். பயிற்சி சில மாதங்களில் முடியாமல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அறிவுரையும் செயலும் பிரியவில்லை. மூத்தவர் செய்வதைக் கண்டே இளையவர் கற்றார். 1798 பிப்ரவரியில் சுவார்ட்சு மறைந்தபோது, 1720இல் நிகழ்ந்ததுபோல் பணி அடியற்றுத் தடுமாறவில்லை. அதைத் தொடரப் பயின்றவர்கள் அங்கேயே இருந்தனர்.

8. பெறும் நிலத்திலிருந்து அனுப்பும் நிலத்திற்கு

மறைப்பணியாளரைப் பெற்ற தமிழகம், பின்னர் அவர்களை அனுப்பும் நிலமாகவும் மாறியது. 1903இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம், தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்குத் தமிழ்ப் பணியாளர்களை அனுப்பியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான வே. சா. அசரியா, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசும்போது, மேலைநாட்டுப் பணியாளரின் ஈகத்தைப் போற்றியதோடு, இந்தியருக்கு அவர்களிடமிருந்து நட்பும் வேண்டும் என வற்புறுத்தினார்.

அசரியாவின் வேண்டுகோளை இனச்சமத்துவம் பற்றிய உரையாகவே பலரும் கருதுவர். அது அவ்வாறு கருதத்தக்கதே. அதனோடு, மறைப்பணியில் துணை என்பதன் இலக்கணமாகவும் அதைக் கொள்ளலாம். கொடுப்பவர், பெறுபவர் என்னும் உறவில் அறிக்கை பிறக்கும். நண்பர் என்னும் உறவில்தான் மனந்திறந்த பேச்சு பிறக்கும். அழகப்பனும் பெயர் தெரியாத அந்த முதிய ஆசிரியரும் சீகன்பால்குக்கு அளித்தது இத்தகைய உறவே.

9. முடிவுரை

தரங்கம்பாடி மிஷனின் முதல் நூற்றாண்டிலிருந்து பின்வரும் முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, தொலைவிலிருந்து வரும் பொருளுதவியும் அறிவுரையும் தேவையானவை என்றாலும், அருகிலிருக்கும் துணைக்கு அவை ஈடாகா.

இரண்டாவது, பணியாளர் மனம்விட்டுப் பேசும் வழியும், நிதியளிப்போருக்கு அறிக்கை அளிக்கும் வழியும் ஒன்றாக அமையலாகாது. ஹாலே அறிக்கைகளின் வரலாறு இதை உணர்த்துகிறது.

மூன்றாவது, மேற்பார்வை மிகுந்தாலும் இல்லாதொழிந்தாலும் பணியாளருக்குத் தீங்கு நேரும். சீகன்பால்கின் இறுதிக்காலமும் பப்ரீசியஸின் முதுமையும் இதன் இருபக்கச் சான்றுகள்.

நான்காவது, ஒரு பணியாளருக்குத் தரும் துணை அவருக்குப் பின் வருபவருக்குத் தரும் பயிற்சியாகவும் அமைகிறது. 1720ஆம் ஆண்டையும் 1798ஆம் ஆண்டையும் ஒப்பிட்டால் இது விளங்கும்.

ஐந்தாவது, மறைப்பணியாளருக்குத் துணைநின்ற உள்ளூர் ஆசிரியர், துபாசி, உபதேசியார் ஆகியோரும் பேணுகைக்கு உரியவர்கள். அவர்களை விடுத்து எழுதப்படும் மறைப்பணி வரலாறு முழுமை பெறாது. ஹாலேயிலும் கோபன்ஹேகனிலும் உள்ள கையெழுத்து ஆவணங்களை இந்நோக்கில் மீண்டும் ஆராய்ந்தால், தமிழகச் சமய வரலாற்றுக்கு மட்டுமன்றி, இன்று தொலைநிலங்களில் பணிபுரியும் எவருடைய நலனுக்கும் பயன்படும் செய்திகள் கிடைக்கும்.